கோகலின் ‘ரிவிஸோர்’: மேடையேற்றும் மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நாடகப் பள்ளியின் இறுதியாண்டு அரங்கேற்றத்துக்கு, ரஷ்ய எழுத்தாளர் கோகலின் ‘ரிவிஸோர்’ (‘தணிக்கை அதிகாரி’) தோதான நாடகம். பாத்திரங்கள் நிறைய, பெரும்பகுதி ஒரே அறையில் நடக்கிறது, சின்ன வேடத்துக்கும் கடிக்க ஏதாவது உண்டு. ஆனால் ஒத்திகை தொடங்கிய இரண்டாவது வாரமே அதே சந்தேகங்கள் வரிசையாக வந்து நிற்கும். கேட்டவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறோம்.

கதையை நாலு வரியில சொல்லுங்களேன்?

ரஷ்யாவின் ஒரு மூலையில் இருக்கும் சிற்றூர். அன்றைய தலைநகர் பீட்டர்ஸ்பர்க்கிலிருந்து ரகசிய உத்தரவோடு, தன்னை வெளிக்காட்டிக்கொள்ளாமல், ஒரு தணிக்கை அதிகாரி வருகிறார் என்று ஊரை ஆளும் நகர அதிகாரி அன்தோன் அன்தோனோவிச்சுக்குக் கடிதம் வருகிறது. ஊரில் லஞ்சம் வாங்காத அதிகாரி ஒருவரும் இல்லை. விடுதியில் இரண்டாவது வாரமாகக் காசு கொடுக்காமல் தங்கியிருக்கும் இளைஞன் ஹ்லெஸ்தகோவைத்தான் அந்த அதிகாரி என்று நினைத்துவிடுகிறார்கள். அவன் சீட்டாட்டத்தில் பணத்தை விட்டவன். பதினான்கு படிகள் கொண்ட அரசுப் பதவி ஏணியின் கடைசிப் படியில் நிற்கும் குமாஸ்தா. ஊரே பணத்தைக் கொட்டுகிறது, அவன் வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறான். அதன் பிறகு உண்மையான அதிகாரி வந்து சேருகிறார்.

முதல் மேடையேற்றம் 1836 ஏப்ரல் 19, பீட்டர்ஸ்பர்க், அலெக்ஸாந்த்ரின்ஸ்கி அரங்கம் (ரஷ்யாவின் அன்றைய பழைய நாட்காட்டிப்படி). ஜார் முதலாம் நிக்கொலாய் நேரில் வந்து பார்த்தார். அடுத்த மாதமே மாஸ்கோவின் மாலி அரங்கத்தில் நடிகர் ஷ்செப்கின் நகர அதிகாரியாக நடித்தார். மாலி அரங்கத்தோடு இணைந்த நாடகப் பள்ளி இன்றும் அவர் பெயரில்தான் இயங்குகிறது.

எந்தப் பிரதியை எடுக்கிறது? இங்கிலீஷ்ல இருந்து நாங்களே மொழிபெயர்த்துக்கலாமா?

முதலில், கையில் இருப்பது 1842-இல் கோகல் திருத்தி வெளியிட்ட வடிவமா என்று பாருங்கள். ‘முகம் கோணலாயிருந்தால் கண்ணாடியைக் குறை சொல்லாதே’ என்ற பழமொழி முகப்பில் இருந்தால் அது 1842 வடிவம். கடைசி அங்கத்தில் நகர அதிகாரி பார்வையாளர்களைப் பார்த்துக் கேட்கும் கேள்வியும் அதில்தான் வருகிறது.

ஆங்கிலம் வழியாக மொழிபெயர்க்கும்போது ஒரு பெரிய விஷயம் விட்டுப்போகும். ரஷ்ய மொழியில் நம்மைப் போலவே ‘நீ’, ‘நீங்கள்’ இரண்டும் தனித்தனியாக உண்டு. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல். நகர அதிகாரி வியாபாரிகளையும் காவலர்களையும் ‘நீ’ என்கிறார்; ஹ்லெஸ்தகோவின் முன்னால் ‘தாங்கள்’ அளவுக்குக் குனிகிறார். ஹ்லெஸ்தகோவ் தன் வேலைக்காரன் ஓசிப்பை ‘நீ’ என்பான், ஓசிப் அவனை ‘நீங்கள்’ என்பான். இதைத் தமிழில் சரியாகப் போட்டுவிட்டால் பாதி நடிப்பு அங்கேயே வந்துவிடும்.

பெயர்களில் தந்தை பெயரை வெட்டாதீர்கள். ‘அன்தோன் அன்தோனோவிச்’ என்று இரண்டும் சேர்த்துக் கூப்பிடுவதுதான் அங்கே மரியாதை. ‘சார்’ போட்டால் ஊரே மாறிவிடும். குடும்பப் பெயர்களில் கேலி ஒளிந்திருக்கிறது: நீதிபதி ல்யாப்கின்-த்யாப்கின் என்றால் ஏனோதானோ வேலை, காவலர் தெர்ஷிமோர்தா என்றால் மூஞ்சியைப் பிடிப்பவன், காவல் அதிகாரி உஹவ்யோர்தவ் என்றால் காது முறுக்குபவர். இவற்றைத் தமிழ்ப்படுத்த வேண்டாம். உச்சரிப்பு எல்லோருக்கும் ஒரே மாதிரி இருந்தால் போதும். முதல் நாளே ஒருவர் பதிவு செய்து எல்லோருக்கும் அனுப்பிவிடுங்கள்.

எங்க வகுப்புல 16 பேர்தான். நாடகத்துல அதுக்கு மேல பாத்திரம் இருக்கே?

16 பேர் போதும். நகர அதிகாரி, மனைவி ஆன்னா, மகள் மார்யா, நீதிபதி, தர்ம ஸ்தாபன அதிகாரி ஸெம்ல்யனீக்கா, பள்ளிகளின் கண்காணிப்பாளர் லுகா லுகிச், போஸ்ட்மாஸ்டர், நிலக்கிழார்கள் போப்சின்ஸ்கி, தோப்சின்ஸ்கி, ஹ்லெஸ்தகோவ், ஓசிப் என்ற இந்த 11 பேருக்கும் வேறு வேடம் வேண்டாம். மிச்சம் ஐந்து பேரை இரட்டை வேடத்தில் போடுங்கள். இரண்டாம் அங்கத்து விடுதிப் பணியாள் ஐந்தாம் அங்கத்தில் விருந்துக்கு வரும் ஓய்வுபெற்ற அதிகாரி கரோப்கின் ஆகலாம். நாலாம் அங்கத்தில் முறையிட வரும் இரண்டு பெண்கள் ஐந்தாம் அங்கத்தில் விருந்தினர் மனைவிமார். தெர்ஷிமோர்தாவே வீட்டு வேலைக்காரன் மீஷ்கா.

ஐந்தாமவரிடம்தான் எல்லோரும் சறுக்குகிறார்கள். வியாபாரியைக் கரோப்கினாக மாற்றப் பார்ப்பார்கள். வியாபாரிகள் வெளியே போன கொஞ்ச நேரத்திலேயே கரோப்கின் உள்ளே வந்தாக வேண்டும், தாடியைப் பிய்க்கக்கூட நேரமிருக்காது. வியாபாரியைக் கடைசியில் வரும் ஜெண்டாம் (ராணுவக் காவல்) சிப்பாய் ஆக்குங்கள், நிறைய நேரம் கிடைக்கும்.

முழுசாப் போட்டா எவ்வளவு நேரம்? எதை வெட்டலாம்?

இடைவேளையோடு மூன்று மணி நேரத்தை ஒட்டி வரும். இரண்டு மணி நேரத்துக்குக் கொண்டுவர வேண்டுமானால் ல்யுல்யுகோவ், ரஸ்தகோவ்ஸ்கி ஆகிய ஓய்வுபெற்ற அதிகாரிகளைக் கரோப்கினோடு சேர்த்துவிடலாம். ஐந்தாம் அங்கத்தில் மார்யாவுக்கும் ஹ்லெஸ்தகோவுக்கும் நிச்சயமானதற்கு ஊரார் சொல்லும் வாழ்த்து வரிசையைச் சுருக்கலாம். ஓசிப்பின் தனிமொழியில் மூன்றில் ஒரு பங்கை எடுக்கலாம்.

தொடக் கூடாத சில சிறு வரிகள் உண்டு. நீதிமன்ற முன்கூடத்தில் வாத்துக்குஞ்சு வளர்ப்பது, அலெக்சாண்டரைப் பற்றிப் பாடம் நடத்தும்போது ஆசிரியர் நாற்காலியை உடைப்பது, கட்டாத தேவாலயத்தைக் ‘கட்டத் தொடங்கினோம், எரிந்துபோச்சு’ என்று சொல்லச் சொல்வது. வெட்டும் கை இவற்றின்மேல்தான் முதலில் போகும். இவை போய்விட்டால் அதிகாரிகள் எதற்குப் பயப்படுகிறார்கள் என்பதே பார்வையாளருக்குத் தெரியாது.

காமெடிதானே? கொஞ்சம் ஓவரா பண்ணினா என்ன தப்பு?

இந்த நாடகம் ஓடுவது பயத்தில். மேடையில் இருக்கும் ஒருவருக்கும் இது வேடிக்கை என்று தெரியாது. தெரிந்த நொடியில் நாடகம் நின்றுவிடும். கோகலுக்கே இந்தக் கவலை இருந்தது. ‘இந்த நாடகத்தைச் சரியாக நடிக்க விரும்புவோருக்கு’ என்று தனியாகவே ஒரு குறிப்பு எழுதினார். எல்லாவற்றையும்விடக் கேலிச்சித்திரத்தில் விழுவதைத்தான் அஞ்ச வேண்டும், சிரிக்கவைக்க வேண்டுமென்று நடிகர் நினைப்பது எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு சிரிப்பு வரும் என்பதே அதன் சாரம்.

ஒத்திகையில் ஒரு பயிற்சி: முதல் அங்கத்தை முழுக்க முழுக்கச் சோக நாடகமாக ஒரு தடவை ஓட்டுங்கள். நாளைக்கு வேலை போகும், சிறைக்குப் போக வேண்டும் என்ற நிலையில், தாழ்ந்த குரலில். சைகை இல்லை, முகக்கோணல் இல்லை. அப்போது எந்த வரியில் அறையில் இருப்பவர்கள் சிரிக்கிறார்களோ அதுதான் நாடகத்தின் சொந்தச் சிரிப்பு. அதைக் குறித்துக்கொண்டு அந்த வரிகளைத் தொடாமல் விடுங்கள்.

ஹ்லெஸ்தகோவ் எத்தன்தானே, எல்லாரையும் ஏமாத்துறான்?

இல்லை. முதல் மேடையேற்றத்திலேயே நடந்த தவறு இது. பீட்டர்ஸ்பர்க்கில் அந்த வேடத்தைக் கட்டிய த்யூர், இசை நாடகங்களில் வரும் வழக்கமான புளுகனாக நடித்ததைக் கோகல் கடைசி வரை மன்னிக்கவில்லை. ஹ்லெஸ்தகோவுக்குத் திட்டம் போடத் தெரியாது. 23 வயது இருக்கும், ஒல்லி, தலைக்குள் காற்று. வாயைத் திறந்தால் எது வருகிறதோ அது வரும், வந்ததை அவனே நம்புவான்.

இரண்டாம் அங்கத்தைப் பாருங்கள். நகர அதிகாரி விடுதி அறைக்குள் வருகிறார். தன்னைத் தணிக்கை செய்ய வந்தவன் என்று பயம். ஹ்லெஸ்தகோவுக்கோ, பாக்கிக்காகத் தன்னைச் சிறைக்கு இழுத்துப்போக வந்திருக்கிறார் என்று பயம். ‘இருவரும் கண்கள் பிதுங்கச் சில நிமிடங்கள் ஒருவரை ஒருவர் பார்க்கிறார்கள்’ என்று கோகல் மேடைக்குறிப்பு எழுதியிருக்கிறார். நிமிடங்கள்! மாணவர்கள் இரண்டு நொடியில் முடித்துவிடுகிறார்கள். குறைந்தது 15 நொடி பிடியுங்கள்.

மூணாம் அங்கத்துப் புளுகு காட்சி எங்க போட்டாலும் தொய்யுது. ஏன்?

ஹ்லெஸ்தகோவ் முதல் வரியிலேயே உச்சத்தில் ஏறிவிடுவதால். இந்தக் காட்சிக்குப் படிகள் உண்டு. 700 ரூபிள் தர்ப்பூசணி, பாரிஸிலிருந்து கப்பலில் பாத்திரத்தோடு வந்திறங்கும் சூப், தெருவெல்லாம் ஓடிவரும் 35,000 தூதர்கள் என்று ஒவ்வொன்றும் முந்தியதைவிட ஒரு படி மேலே. நடுவில் ஒரு சறுக்கல்: நாலாம் மாடிக்கு ஏறிப்போய்ச் சமையல்காரியிடம் கோட்டைக் கொடுப்பதாக உளறிவிட்டு, ‘என்ன பேசுறேன், நான் இருப்பது முதல் மாடியில்’ என்று திருத்திக்கொள்வான். அந்த ஒரு நொடி அவனுடைய உண்மையான வறுமை தெரிய வேண்டும். அதைச் சிரிப்புக்காக இழுத்தால் வீண்.

படியை ஏற்றுவது அவன் மட்டுமல்ல. கோகலின் குறிப்புப்படி, அவன் பேசப் பேச அதிகாரிகள் நாற்காலியிலிருந்து எழுகிறார்கள், நடுங்குகிறார்கள். அவர்கள் நடுங்குவதைப் பார்த்து அவனுக்கு இன்னும் சூடேறுகிறது. எனவே கேட்பவர்களை ஒத்திகை பாருங்கள். யார் எந்தச் சொல்லில் எழுகிறார் என்று வரிக்கு வரி குறியுங்கள். எல்லோரும் ஒன்றாக எழக் கூடாது. முடிவில் அவன் வழுக்கி விழப்போகும்போது தாங்கிப் பிடிக்கும் கைகளில்கூட மரியாதை தெரிய வேண்டும். போதையை நாக்கில் காட்ட வேண்டாம், முழங்காலில் காட்டுங்கள். வசனம் புரிந்தாக வேண்டும்.

போப்சின்ஸ்கியும் தோப்சின்ஸ்கியும் ஒரே மாதிரி நடிக்கணுமா?

தோற்றம் ஒன்று, ஆள் இரண்டு. இருவரும் குட்டை, தொப்பை, படபடப்புப் பேச்சு. தோப்சின்ஸ்கி கொஞ்சம் உயரம், கொஞ்சம் கம்பீரம், போப்சின்ஸ்கி துறுதுறுப்பு என்று கோகலே பிரித்துவைத்திருக்கிறார். ஒரே நேரத்தில் ஒரே சைகை செய்யும் இரட்டையர் பாணி முதல் ஐந்து நிமிடத்துக்குத்தான் வேலை செய்யும். இருவருக்கும் நடப்பது போட்டி: ‘ஏ!’ என்று முதலில் சொன்னது யார் என்பதற்கே சண்டை. தணிக்கை அதிகாரி என்பதற்கு அவர்கள் சொல்லும் சான்று, தாங்கள் சாப்பிட்ட மீன் தட்டை அந்த இளைஞன் எட்டிப் பார்த்தான் என்பது. பசியில் பார்த்தவனைக் கண்காணிக்கப் பார்த்தவன் என்று நினைத்துவிட்டார்கள். அந்த வரியைத் துப்புக் கண்டுபிடித்த பெருமையோடு சொல்ல வேண்டும். பெண்கள் நடித்தாலும் இந்த இரண்டு வேடமும் நன்றாகவே நிற்கும்.

பணத்தை எப்படித் தயார் பண்றது? வெறும் பேப்பர் போதாதா?

போதாது. நாலாம் அங்கத்தில் பணமே ஒரு பாத்திரம். கணக்கு இது: நீதிபதி 300, போஸ்ட்மாஸ்டர் 300, லுகா லுகிச் 300, ஸெம்ல்யனீக்கா 400, போப்சின்ஸ்கி 40, தோப்சின்ஸ்கி 25, வியாபாரிகள் 500. நகர அதிகாரி விடுதியில் 400, வழியனுப்பும்போது 400. ஆக மொத்தம் 2,665 ரூபிள்.

ஒவ்வொரு கட்டையும் தனியாகக் கட்டி, பெயர் எழுதிய உறையில் போட்டு மேடை நிர்வாகியிடம் வையுங்கள். நீதிபதியின் பணம் கைமுட்டியில் கசங்கி வேர்வையோடு தரையில் விழ வேண்டும், எனவே மெல்லிய தாள். ஹ்லெஸ்தகோவ் எண்ணும்போது ‘என்ன ஒரு எண்ணெய்ப் பிசுக்கு நோட்டு’ என்பான். ஒரு தாளில் நிஜமாகவே எண்ணெய் தடவுங்கள். கடைசி 400 புத்தம் புதிது, மொடமொடவென்று இருக்க வேண்டும், புது நோட்டு வந்தால் புது அதிர்ஷ்டம் என்று வசனமே இருக்கிறது. வியாபாரிகளின் பணத்துக்கு வெள்ளித்தட்டு. ஓசிப்புக்கு ஒரு துண்டுக் கயிறு: ‘கயிறும் கொடு, வழியில் உதவும்.’ அந்தக் கயிற்றை மறந்துவிட்டுத் தவித்த குழுக்கள் உண்டு.

கதவோட சேர்ந்து போப்சின்ஸ்கி விழுறதை அடிபடாம எப்படிப் பண்றது?

இரண்டாம் அங்கத்து முடிவில் ஒட்டுக்கேட்கும் போப்சின்ஸ்கி கதவோடு மேடைக்குள் விழுகிறார். 4 மி.மீ. ப்ளைவுட், உள்ளே மெல்லிய மரச்சட்டம். இதைவிடக் கனம் வேண்டாம். பக்கக் கீல்களின் ஊசிகளை அந்த அங்கம் தொடங்கும் முன் உருவிவிட்டு, ஒரு சின்னக் கொக்கியில் மட்டும் நிறுத்துங்கள். கதவின் அடிப்பக்கத்தைத் தடித்த துணிப்பட்டையால் தரையோடு பிணையுங்கள். அப்போதுதான் கதவு முன்னால் சறுக்காமல் பாயைப் போல விரிந்து விழும். அகலப் பலகையைக் காற்று தாங்குவதால் விழுவது பார்க்கப் பயமாக இருக்கும், சத்தமும் பெரிதாக வரும், ஆனால் அடி குறைவு.

விழுபவர் முன்னங்கைகளைக் கதவின் பின்புறத்தில் பதித்து, கதவோடு சேர்ந்தே இறங்க வேண்டும். தாமதித்துப் பின்னால் குதித்தால்தான் முழங்கால் போகும். கைப்பிடி, தாழ்ப்பாள் எதுவும் அவர் பக்கத்தில் இருக்கக் கூடாது. கதவின் உயரத்துக்கு ஒன்றரை அடி கூட்டித் தரையில் சாக்பீஸால் கோடு போடுங்கள். அந்த இடத்தில் யாரும் நிற்கக் கூடாது. மூன்றாம் அங்கத்தில் போப்சின்ஸ்கியின் மூக்கில் ஒட்டுப்பட்டை மறக்காதீர்கள்.

உடை எவ்வளவு சரியா இருக்கணும்?

எல்லோருக்கும் 1830களின் உடை தைக்கக் காசில்லை என்றால் மூன்றில் மட்டும் செலவழியுங்கள். நகர அதிகாரியின் சீருடை, முள் வைத்த நீண்ட பூட்ஸ். ஹ்லெஸ்தகோவின் நவநாகரிக உடை. ஊர்க்காரர்களுக்கு அவன் பெரிய ஆளாகத் தெரிவதற்கு அதுவும் ஒரு காரணம். ஆன்னாவின் உடைகள்: நாடகத்தில் அவள் நாலு தடவை உடை மாற்றுகிறாள் என்று கோகல் எழுதியிருக்கிறார். நாலு கவுன் முடியாவிட்டால் ஒரே கவுனுக்கு மேல்சால்வையும் தலையணியும் மாற்றுங்கள். முதல் அங்க முடிவில் நகர அதிகாரி தொப்பி என்று நினைத்துத் தலையில் வைக்கும் காகிதப் பெட்டி, தலையில் நிற்கிற அளவில் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடிதம் வாசிக்கிற இடத்துல வசனம் குழம்புது. மனப்பாடமா, பார்த்து வாசிக்கிறதா?

ஹ்லெஸ்தகோவ் ஊர்க்காரர்களைக் கேலி செய்து நண்பனுக்கு எழுதி, போஸ்ட்மாஸ்டர் பிரித்துவிட்ட கடிதம் இது. அதை முழுசாகத் தாளில் எழுதி, பார்த்தே வாசியுங்கள். கை மாறும் இடங்களைச் சிவப்பு மையில் குறியுங்கள். போஸ்ட்மாஸ்டர் வாசிப்பார், தன்னைப் பற்றிய வரி வந்ததும் திணறுவார். ஸெம்ல்யனீக்கா வாங்குவார், தன் வரியில் எழுத்து தெளிவாக இல்லை என்பார். கரோப்கின் பிடுங்கி உரக்கப் படிப்பார், ‘குல்லாய் போட்ட சுத்தப் பன்றி’ என்று. கேட்டுக்கொண்டிருப்பவர்களின் ஆர்வம்தான் இங்கே முக்கியம்: அடுத்தவனுடைய வரி வரும்போது எல்லோரும் நெருங்கி வருகிறார்கள், தன் வரி வரும்போது ஒருவன் மட்டும் விலகுகிறான். நீதிபதியைப் பற்றி ‘மொவெதோன்’ (பண்பற்ற நடத்தை) என்று ஒரு பிரெஞ்சுச் சொல் வரும். அவருக்கு அர்த்தம் தெரியாது; வெறும் மோசடிக்காரன் என்றால் பரவாயில்லை, அதைவிட மோசமாக இருந்தால் என்ன செய்வது என்று கவலைப்படுவார். அதை மொழிபெயர்த்துவிடாதீர்கள்.

‘எதுக்குச் சிரிக்கிறீங்க? உங்களைப் பார்த்தேதான் சிரிக்கிறீங்க!’ இதை யாரைப் பார்த்துச் சொல்றது? லைட் போடலாமா?

பார்வையாளர்களைப் பார்த்து. ஆனால் பிரசங்கமாக அல்ல. அந்த நேரத்தில் நகர அதிகாரி தன்னைத்தானே கிழித்துக்கொண்டிருக்கும் ஆள். ஊரெல்லாம் தன்னைச் சிரிக்கப்போகிறது என்று கற்பனையில் பார்க்கிறார், அந்தக் கூட்டம் நிஜமாகவே எதிரில் உட்கார்ந்திருக்கிறது. நாலு மணி நேர ஒத்திகையில் கத்திக் கத்திச் சொன்ன வரி, தொண்டை வற்றிய குரலில் சொன்னால்தான் தைக்கும். அரங்க விளக்கைப் போடுவது பழைய உத்தி. எங்கள் கருத்தில் தேவையில்லை; வெளிச்சம் வந்ததும் ஜனங்கள் செல்போனைத் தேடுவார்கள்.

கடைசி ‘ஊமைக் காட்சி’ நிஜமாவே ஒன்றரை நிமிஷம் நிக்கணுமா?

கோகல் எழுதியிருப்பது ‘ஏறக்குறைய ஒன்றரை நிமிடம்’. ஜெண்டாம் வந்து, பீட்டர்ஸ்பர்க்கிலிருந்து வந்த அதிகாரி உங்களை உடனே அழைக்கிறார், விடுதியில் தங்கியிருக்கிறார் என்று சொன்னதும், மின்சாரம் பாய்ந்ததைப் போல எல்லோரும் ஒரே கணத்தில் நிலை மாற வேண்டும். பெண்களின் வியப்பொலி ஒரே நெஞ்சிலிருந்து வந்ததைப் போல இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மொத்த விளைவும் கெடும் என்று அவரே எச்சரித்திருக்கிறார்.

யார் எப்படி என்பதும் எழுதப்பட்டிருக்கிறது. நடுவில் நகர அதிகாரி தூணாக, கைகளை விரித்து, தலையைப் பின்னால் சாய்த்து. வலப்பக்கம் மனைவியும் மகளும் அவரை நோக்கிப் பாயும் நிலையில். அவர்களுக்குப் பின் போஸ்ட்மாஸ்டர் கேள்விக்குறியாக, அவருக்குப் பின் லுகா லுகிச் அப்பாவியாக, ஓரத்தில் மூன்று பெண்கள் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து ஏளனமாக. இடப்பக்கம் ஸெம்ல்யனீக்கா காதைக் கொடுத்துக் கேட்பதைப் போலத் தலை சாய்த்து, நீதிபதி கைகளை விரித்துக் கிட்டத்தட்டத் தரையில் குந்தி, கரோப்கின் கண்ணைச் சுருக்கி, ஓரத்தில் போப்சின்ஸ்கியும் தோப்சின்ஸ்கியும் வாய் பிளந்து. மூன்றாவது பெண்ணுக்கு மேடைக் குழுவிலிருந்து ஒருவரை உடை மாட்டி ஏற்றிவிடுங்கள்.

முதல் நாளே 90 நொடி நிற்க வைக்காதீர்கள். முதல் வாரம் 20, பிறகு 40, 60, 90 என்று ஏற்றுங்கள். முதலில் உடைவது நீதிபதி: பாதத்தில் குந்தினால் 30 நொடியில் தொடை நடுங்கும், எனவே கோட்டுக்குள் ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றட்டும். நகர அதிகாரியின் கைகள் தோள்மட்டத்துக்குச் சற்றுக் கீழே இருக்கட்டும். கண் இமைக்கலாம், மூச்சு மூக்கால். ஒருவரை ஒருவர் பார்க்கும் நிலை கூடாது, சிரிப்பு தொற்றும். ஒவ்வொருவருக்கும் சுவரில் ஒரு புள்ளி கொடுங்கள். 15ஆவது நொடி வாக்கில் சிலர் கைதட்டத் தொடங்குவார்கள். அங்கே கலையாதீர்கள். கைதட்டல் ஓய்ந்து, அரங்கம் சங்கடப்பட்டு அமைதியாகும் அந்த இரண்டாம் பாதிக்காகத்தான் காட்சியே. ஸ்டாப்வாட்ச் மேடை நிர்வாகியிடம். திரையை இறக்கச் சொல்வது அவர் ஒருவர்தான்.

அதுக்குப் பதிலா பொம்மைகளை வைக்கலாமே? மெயர்ஹோல்டு அப்படித்தானே செஞ்சார்?

ரஷ்ய இயக்குநர் மெயர்ஹோல்டு 1926-இல் மாஸ்கோவில் அப்படிச் செய்தார். நாடகத்தை 15 துண்டுக் காட்சிகளாகக் கட்டி, முடிவில் நடிகர்களின் அளவிலேயே செய்த பொம்மைகளை வைத்தார்; அவை நடிகர்கள் இல்லை என்று பார்வையாளருக்குப் புரியவே நேரமெடுக்கும் அளவுக்குச் செய்நேர்த்தி. அட்டையில் செய்த பொம்மையால் அது நடக்காது. தவிர, இது மாணவர் அரங்கேற்றம்; அசையாமல் நிற்கக் கற்பது நடிகருக்குப் பெரிய பாடம், அதைப் பொம்மைக்கு விட்டுக்கொடுப்பானேன்.

கதையை நம்ம ஊருக்கு மாத்திட்டா ஜனங்க இன்னும் நல்லா ரசிப்பாங்களே?

முதல் அங்கத்தில் நிறைய ரசிப்பார்கள், மூன்றாம் அங்கத்தில் இடிக்கும். நகர அதிகாரி மக்கள் தேர்ந்தெடுத்த தலைவர் இல்லை; மேலிருந்து நியமிக்கப்பட்டவர், காவல்துறையும் அவர் கையில். தலைநகர் நாட்கணக்கில் வண்டிப் பயணத் தூரத்தில் இருக்கிறது, வந்தவன் யார் என்று விசாரிக்க வழியில்லை. போன் இருக்கும் ஊரில் இந்தக் கதைக்கு ஒரு நாள்கூட ஆயுள் இல்லை. ஊரை ரஷ்யாவிலேயே விட்டுவிட்டு மொழியை மட்டும் உயிருள்ள தமிழாக வையுங்கள். யாரைச் சொல்கிறார்கள் என்று பார்வையாளர்கள் தாங்களே கண்டுபிடிப்பார்கள், நீங்கள் ஒரு கட்சித் துண்டைத் தோளில் போட்டுக் காட்ட வேண்டியதில்லை.

ஊமைக் காட்சி முடிஞ்ச உடனே வணக்கம் சொல்ல வரலாமா?

திரை இறங்கியதும் 10 நொடி இருட்டு. அந்த இடைவெளியில் எல்லோரும் நிலையைக் கலைத்து, நீதிபதி எழுந்து காலை உதறிக்கொள்ளட்டும். திரை மீண்டும் ஏறும்போது வரிசையாக நின்று ஒரே ஒரு வணக்கம். தனித்தனியாக ஓடிவரும் வழக்கம் வேண்டாம். ஹ்லெஸ்தகோவும் ஓசிப்பும் நாலாம் அங்கத்தோடு வேலை முடிந்து ஒப்பனை அறையில் கால் நீட்டியிருப்பார்கள், ஐந்தாம் அங்கத்தில் கடிதம் வாசிக்கத் தொடங்கியதுமே அவர்களை விங்ஸுக்குக் கூப்பிட ஒரு ஆளை நியமித்துவிடுங்கள்.